ரயில்வே கேட்டுக் காபி கிளப்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அவ்வூர்க் கோயிலின் கல்வெட்டுகளைத் தேடிச் செல்வர். அது தக்க வழியே. ஆயினும் அவ்வூரின் பழைய காபி கிளப் ஒன்றின் கதையைக் கேட்டறிந்தால், கல்வெட்டில் இடம்பெறாத மாந்தர் பலரின் வரலாறும் தெரியவரும் என்பது என் கருத்து. தலைநகரில் இருபது ஆண்டுகளாக மத்திய அரசு எழுத்தனாகக் காலம் கழித்துவரும் நான், சிற்றூர்ச் சிற்றுண்டிச் சாலை முதலாளி ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத முற்பட்டது அதனால்தான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததுமில்லை. 'கிளப்புக்கடை ஐயர்' என்றால் தபால்காரர் முதல் தாசில்தார் வரை எல்லோரும் அறிவர்.

ஊரும் கேட்டும்

எங்கள் ஊர் நீடாமங்கலம். தஞ்சையிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் சாலையில், வெண்ணாற்றங்கரையில் அமைந்த சிற்றூர். மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் காலத்துச் சந்தானராமர் கோயில் ஊரின் நடுவே உள்ளது. குருபகவான் தலமாகிய ஆலங்குடி அருகிலேயே இருப்பதால், குருப்பெயர்ச்சியின்போது வெளியூர்க் கூட்டம் திரளும். நாகையையும் திருச்சியையும் இணைத்து 1861-62ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட இருப்புப்பாதை எங்கள் ஊர் வழியே செல்கிறது. பிற்காலத்தில் மன்னார்குடிக்குக் கிளைப்பாதை ஒன்று பிரிந்தமையால் ஊருக்கு 'ஜங்ஷன்' என்னும் பெருமையும் கிட்டியது. அக்கிளைப்பாதை 1976இல் மூடப்பட்டு, 2011இல் மீண்டும் உயிர்பெற்றது.

இருப்புப்பாதை சாலையைக் குறுக்கிடும் இடத்தில் ரயில்வே கேட் இருந்தது. கேட் சாத்தினால் இருபுறமும் பேருந்துகளும் நெல் லாரிகளும் மாட்டுவண்டிகளும் வரிசையாக நின்றுவிடும். நின்ற பேருந்திலிருந்து இறங்கும் முதல் பயணி தேடுவது காபியைத்தான். ஐயர் தம் கடையை அந்தக் கேட்டுக்கு அருகில் வைத்தார். 'எனக்கு முதல் போட்டது ரயில்வேக்காரன்' என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

காபி கிளப் தோன்றிய வரலாறு

இன்று தமிழனையும் காபியையும் பிரித்துப் பார்க்க நமக்கு மனம் வராது. ஆயினும் இப்பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் நம் இல்லங்களில் வேரூன்றத் தொடங்கியது. அதற்குமுன் காலை உணவு பழையதும் நீராகாரமுமே. காபியால் உடல்நலமும் ஒழுக்கமும் கெடும் என்று அக்காலப் பெரியவர்கள் பலர் வருந்தி எழுதினர்.

காசு கொடுத்துச் சோறு உண்பதும் அவ்வாறே புதிய வழக்கம். வழிச்செல்வோர்க்குச் சத்திரம் இருந்தது. சாதிக்கேற்ற பந்தியும் இருந்தது. சோற்றை விற்பது பாவம் என்று கருதியோர் பலர். ரயில் வந்தது, கோர்ட்டும் கச்சேரியும் பள்ளியும் வந்தன. வீட்டை விட்டு வெளியூரில் பகல் முழுதும் தங்கவேண்டிய மக்கள் பெருகினர். அவர்களுக்காக எழுந்தவையே காபி கிளப்புகள். பிராமணர் சமைத்ததை மற்றச் சாதியாரும் தயங்காது உண்டனர். பிறர் சமைத்ததை உண்ணப் பிராமணர் தயங்கினர். ஆகவே அத்தொழிலில் பிராமணச் சமையற்காரர்கள் முந்திக்கொண்டனர். 'பிராமணாள் காபி கிளப்' என்ற பலகை ஊர்தோறும் தொங்கியது. உள்ளே பிராமணர்க்குத் தனியிடம், ஏனையோர்க்குத் தனியிடம். தாழ்த்தப்பட்டோர்க்கு உள்ளே இடமே இல்லை. ரயில் நிலைய உணவு விடுதிகளிலும் பிராமணர்க்கும் பிறர்க்கும் இடம் பிரிக்கப்பட்டிருந்தது. பெரியார் முதலியோரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் தென்னிந்திய ரயில்வே அதனைக் கைவிட்டது.

சேர்ந்துண்ணல் எத்துணை ஆபத்தானதாக இருந்தது என்பதற்கு எங்கள் ஊரே சான்று. 1937ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நீடாமங்கலத்தில் காங்கிரசு மாநாடு ஒன்று நடைபெற்றது. அதன் பொதுப்பந்தியில் ஆதிதிராவிடத் தொழிலாளர் சிலர் மற்றவர்களோடு அமர்ந்து உண்டனர். அந்தக் குற்றத்திற்காக அவர்கள் பின்னர் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் புகட்டப்பட்டனர். 'விடுதலை' ஏடு இச்செய்தியை வெளிக்கொணர்ந்தது. தமிழகம் முழுதும் கொந்தளிப்பு எழுந்தது. இது குறித்து அண்மைக்காலத்தில் தனி நூலே வெளிவந்துள்ளது. அப்போது ஐயருக்கு வயது பதினொன்று.

மாவாட்டிய சிறுவன்

ஐயரின் தந்தையார் கல்யாணச் சமையல் செய்தவர், நிலபுலம் ஏதுமில்லை. தந்தை மறைந்தபின் பன்னிரண்டாம் வயதில் ஐயர் கும்பகோணத்து ஹோட்டல் ஒன்றில் மாவாட்டச் சேர்ந்தார். சாப்பாடு போட்டு, சம்பளமின்றி வேலை. இரவெல்லாம் ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றி வலக்கைத் தோள் சற்றே இறங்கிவிட்டது. முதுமையிலும் அது நிமிரவில்லை. மேசை துடைத்து, இலை எடுத்து, சப்ளையராகி, பிறகு சரக்கு மாஸ்டராக உயர்ந்தார். யுத்த காலத்தில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தபோது, உள்ள சரக்கைக் கொண்டு நாளை ஓட்டுவது எப்படி என்ற பாடத்தை அங்கேதான் கற்றார்.

இராஜாஜி சென்னை மாநில முதலமைச்சராக இருந்த 1952ஆம் ஆண்டில் உணவுத் தானியக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டில், மனைவியின் இரண்டு வளையல்களை விற்று ஐயர் எங்கள் ஊரில் கடை திறந்தார். கீற்றுக் கொட்டகை, நான்கு மேசை, எட்டுப் பெஞ்சு. பித்தளை பில்டரும் வறுத்த கொட்டையை அரைக்கும் கைமெஷினும் கல்லாப்பெட்டியும் அவ்வளவே முதலீடு. மாமி வீட்டிலிருந்தே சட்னிக்கும் சாம்பார்ப் பொடிக்கும் வேண்டியதைச் செய்தார். பிள்ளைகள் பள்ளி விட்டதும் டம்ளர் கழுவினர். குடும்பம் முழுதும் உழைத்து நடத்திய கடை அது.

விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டப்படும். முதல் டிகாக்ஷன் இறங்கும்போதே இட்லிப் பானையில் ஆவி வரும். காலையில் இட்லியும் வெண்பொங்கலும்; மாலையில் போண்டாவும் ரவாதோசையும்; வெள்ளிக்கிழமை சுகியன். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பால்காரரை வைய மாட்டார். மறுநாள் அந்தப் பாலை வாங்கவும் மாட்டார். 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தபோது ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்ற கணக்கு ஊரையே குழப்பியது. ஐயர் ஆறு பைசா என்று சுவரில் கரியால் எழுதிவிட்டார். கால்பைசா நட்டம் தம்முடையது என்றார். 1965இல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் துறக்குமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டபோது, திங்கள் மாலைதோறும் அடுப்பை அணைத்தார். பேருந்து நின்றாலும் காபியோடு சரி.

பின்வாசல்

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருப்பேனாயின், இது ஒரு நல்ல மனிதரின் நினைவுக் குறிப்பாக முடிந்திருக்கும். வரலாறு என்று சொல்லிவிட்டு அவ்வாறு முடிப்பது முறையாகாது.

அந்த அடுப்புக்கு விறகு பிளந்தவர் என் தாத்தா. சவுக்குக் கட்டைகளை வண்டியிலிருந்து இறக்கி, பிளந்து, கொல்லைப்புறத்தில் அடுக்குவார். வேலை முடிந்ததும் பின்வாசலில் நிற்பார். அங்கே சுவரில் ஆணியடித்து ஓர் அலுமினியக் குவளை மாட்டப்பட்டிருக்கும். அதனைத் தாமே எடுத்துக் கழுவி நீட்டுவார். மேலிருந்து காபி ஊற்றப்படும். குடித்தபின் தாமே கழுவி ஆணியில் மாட்டுவார். கூலிக்காசு படிக்கல்லில் வைக்கப்படும். அவர் காபிக்குக் காசு கொடுத்தாலும் அதே கல்லில்தான் வைக்கவேண்டும். அந்தக் காசின்மேல் தண்ணீர் தெளித்த பிறகே கல்லாப்பெட்டிக்குள் போடுவார்கள். தாம் பிளந்த விறகில் காய்ந்த பாலைத்தான் தாத்தா அந்தக் குவளையில் குடித்தார்.

தீண்டாமை நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டதாக 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு கூறியிருந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. உணவு விடுதியில் நுழையத் தடுப்பது மட்டுமின்றி, அங்குள்ள பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதும் குற்றம் என்றது அச்சட்டம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆணியில் தொங்கிய குவளைக்கு இந்தச் சட்டம் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது.

1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கத்தார் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். மாதக்கணக்கில் நீண்ட அப்போராட்டத்திற்குப் பின் அச்சொல் நீங்கியது. செய்தித்தாளைப் படித்த ஐயர் தம் பலகையில் அச்சொல்லின்மேல் தாமே சுண்ணாம்பு பூசினார். உள்ளே இருந்த மூங்கில் தட்டி மட்டும் போகவில்லை. அதன்மேல் 'குடும்பத்தினர் அறை' என்று சீட்டு ஒட்டப்பட்டது. எந்தக் குடும்பத்தினர் என்பது எல்லோருக்கும் தெரியும். சில ஆண்டுகளில் மூங்கில் இற்று அத்தட்டி தானே விழுந்தது. ஐயர் புதிய தட்டி கட்டவில்லை. பின்வாசல் ஆணியும் குவளையும் அப்படியே இருந்தன.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நால்வர் தீயிலிட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் சில நாள்கள் தாத்தா விறகு பிளக்கச் செல்லவில்லை. பிறகு சென்றார். வேறு வேலை இல்லை.

காக்கிச் சட்டை

என் தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1971இல் ரயில்வேயில் வேலை கிடைத்து, சில மாதங்களில் எங்கள் ஊர்க் கேட்டுக்கே கேட்மேனாக வந்தார். ஒருநாள் இரவுப் பணி முடித்து, காக்கிச் சட்டையுடன், கையில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் சுருட்டியபடி, காபி கிளப்பின் முன்வாசல் வழியே உள்ளே சென்று முதல் மேசையில் அமர்ந்தார்.

கடையில் பேச்சு நின்றுவிட்டது என்பார் அப்பா. சப்ளையர் அசையவில்லை. மூலையில் இட்லி உண்டுகொண்டிருந்த மிராசுதார் ஒருவர் கையைக் கழுவாமலே எழுந்து வெளியேறினார். கல்லாவில் இருந்த ஐயர் சிறிது நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே சென்று, பித்தளை டவரா டம்ளரில் தாமே காபி எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"சக்கரை போறுமான்னு பாரு."

அவ்வளவே பேச்சு. அப்பா குடித்து முடித்து, கல்லாவருகே சென்று காசை நீட்டினார். ஐயர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கல்லில் வைக்கச் சொல்லவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. அன்று மாலை குவளை ஆணியில் இல்லை. மறுநாள் தாத்தாவுக்குப் பின்வாசலில் டவரா டம்ளரிலேயே காபி வந்தது. 'உள்ளே வந்து உக்காந்து குடி' என்று ஐயர் அழைத்தாராம்.

தாத்தா போகவில்லை. அன்றும் போகவில்லை, 1992இல் இறக்கும்வரை ஒருநாளும் அந்த முன்வாசலை மிதிக்கவில்லை. சிறுவனாகிய நான் அவர் கையைப் பிடித்து இழுத்ததுண்டு. "பழகிப்போச்சு தம்பி, நீ போய்க் குடி" என்பார். சட்டம் பலகையை மாற்றியது. காக்கிச்சட்டை குவளையை மாற்றியது. இருபது ஆண்டுகள் பின்வாசலில் நின்ற கால்களை எதனாலும் மாற்ற முடியவில்லை. ஐயர் கொல்லைப்புறத்தில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். தாத்தா அதில் அமர்ந்து குடித்தார்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையார் ஐயரை மூன்று விதமாக அழைத்தோம். தாத்தாவுக்கு அவர் 'சாமி'. அப்பாவுக்கு 'ஐயரே'. எனக்கு 'சார்'. அவரும் தாத்தாவை 'டேய்' என்றார். அப்பாவை முதலில் 'வாடா' என்றும் பின்னர் 'வாப்பா' என்றும் அழைத்தார். கல்லூரியில் படித்த என்னை 'வாங்கோ' என்றார். இந்தச் சொற்களின் மாற்றம் எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை.

ஒரு கேள்வியும் ஒரு காபியும்

கல்லூரி நாள்களில் ஒருமுறை, கடையில் கூட்டமில்லாத பிற்பகலில், துணிந்து அவரிடம் கேட்டேன்: "சார், எங்கப்பா அன்னைக்கு உள்ளே வரலைன்னா, நீங்களாக் கூப்பிட்டிருப்பீங்களா?"

அவர் சினங்கொள்ளவில்லை. இறங்கிய தோளைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"மாட்டேன். பொய் சொல்லப்படாது. எனக்குப் பயம். முப்பத்தேழுல இந்த ஊர்ல சேர்ந்து சாப்பிட்டவாளுக்கு என்ன நடந்ததுன்னு சின்னப் பையனாக் கேட்டிருக்கேன். யாரும் வரமாட்டா, கடை படுத்துடும்னு பயம். உங்கப்பா வந்து உக்காந்துட்டான். அப்புறம் நான் எழுந்துக்கறதா வேண்டாமான்னுதான் பாக்கி. எழுந்துண்டேன்."

"மிராசுதார்?"

"ஆறு மாசம் வரல்லே. அப்புறம் வந்தார். காபி நன்னா இருந்தா எல்லாரும் வருவா."

பணியாளர் தேர்வாணையத் தேர்வில் தேறி 2004இல் தில்லிக்குப் புறப்பட்ட நாளன்று, அப்பா என்னை அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றார். மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். எழுந்தபோது ஐயர் காசு வேண்டாமென்றார். அப்பா விடவில்லை. "இல்ல ஐயரே, வாங்கிக்குங்க" என்று பணத்தை அவர் கையிலேயே வைத்தார். ஐயர் அவரைச் சற்று உற்று நோக்கிவிட்டு, பேசாமல் வாங்கிக் கல்லாவில் போட்டார். இலவசமாகக் கொடுப்பதைவிடக் கைநீட்டி வாங்கிக்கொள்வதே அங்கே மரியாதை என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். எனக்கு அது புரியச் சில ஆண்டுகள் ஆயின.

அவர் 2007இல் காலமானார். பிள்ளைகள் படித்து வெளியூர் சென்றுவிட்டமையால் கடை தொடரவில்லை. நான் விடுப்பில் சென்றபோது அவ்விடத்தில் கைப்பேசிக் கடை ஒன்று இருந்தது. கொல்லைப்புறச் சுவர் மட்டும் பழையது. அதில் ஆணி இருந்த துளையைத் தேடினேன், வெள்ளையடித்து மூடியிருந்தார்கள்.

புலம்பெயர்ந்தோர்க்கு

தில்லிவாழ் தமிழராகிய நமக்குக் காபி என்பது ஊர் நினைவு. 1957 அக்டோபரில் தொழிலாளர் கூட்டுறவு தில்லியில் தொடங்கிய இந்தியா காபி ஹவுசையும், கன்னாட் பிளேசில் பல்லாண்டு நடந்து பேருந்து நிறுத்தத்திற்கே தன் பெயரைத் தந்த மதராஸ் ஹோட்டலையும் மூத்தோர் இன்றும் நெகிழ்ந்து பேசக் கேட்கிறோம். இந்நகரில் உணவு விடுதிக்குள் நுழையும் தமிழனிடம் எவரும் குலம் கேட்பதில்லை; எல்லோரும் 'மதராஸி'தான். அந்த வகையில் புலம்பெயர்வு நமக்கு ஒரு விடுதலையே.

சங்க விழாக்களில் நாம் கூடும்போது, 'எங்க ஊர்க் காபி மாதிரி வராது' என்று ஒருவர் தொடங்கினால் எல்லோரும் தலையசைப்போம். நானும் அசைப்பேன். அந்தக் காபி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஆயின் அதே காபியைச் சிலர் மேசையிலும், சிலர் தட்டிக்கு அப்பாலும், சிலர் கொல்லைப்புறத்திலும் குடித்தார்கள் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லவேண்டும். சுவையை மட்டும் சொல்லிச் சுவரைச் சொல்லாது விட்டால், அவர்களிடம் நாம் கொடுப்பது பாதி ஊர்தான்.

ஐயரை நான் மகான் என்று சொல்லவில்லை. அவரே ஒப்பமாட்டார். இருபது ஆண்டுகள் ஒரு குவளையை ஆணியில் தொங்கவிட்டவர் அவர். ஒரு காலைப் பொழுதில் கல்லாவை விட்டு எழுந்து அதனைக் கழற்றியவரும் அவரே. இரண்டையும் எழுதினால்தான் அது அவருடைய வரலாறாகும். அன்று உள்ளே நுழைந்து அமர்ந்த ஒரு கேட்மேனின் வரலாறும் அதனுள் அடங்கும்.

ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அப்பாவும் நானும் பேருந்து நிலையத்தருகே ஏதேனும் ஒரு கடையில் காபி குடிப்போம். கடைக்காரர் யார், எந்தச் சாதி என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது. அப்பா வழக்கம்போல் வாசலுக்கு நேர் எதிரே உள்ள முதல் மேசையில்தான் அமர்வார்.